பரம்பரை மோதும் படங்கள்

குப்பத்தைத் தாண்டி பங்காருப்பேட்டை பக்கம் போகும் பாசஞ்சர் ரயில் குடுபல்லியில் நின்று போகும். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம் தென்மேற்கில் போய் முடியும் மூலை அது. ஒரு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கர்நாடகம். தெலுங்கில் விலை கேட்டு, தமிழில் பேரம் பேசி, கன்னடத்தில் விடைபெறுகிற சீமை. சினிமா வியாபாரத்துக்கு மட்டும் இங்கே எல்லைகள் கறாரானவை. தெலுங்குப் பட விநியோகத்தில் சித்தூர் 'சீடட்' ஏரியாவில் சேரும். வி.கோட்டா, பேரணாம்பட்டு வழியாக மலை இறங்கினால் வட ஆற்காடு ஏரியா. பங்காருப்பேட்டையைத் தொட்டால் மைசூர் ஏரியா. ஒவ்வொன்றுக்கும் தனி விலை, தனி உரிமை, தனிப் பெட்டி.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மொழி பார்க்காமல் தென்னிந்தியக் கொட்டகைகளுக்குள் நுழைந்த சரக்கு ஒன்று உண்டு. ஹாங்காங்கிலும் தைவானிலும் கொஞ்சக் காசில் எடுக்கப்பட்ட குங்ஃபூ படங்கள். நம் ஊர்க்காரர்கள் அவற்றைக் கராத்தே படம் என்றார்கள், சைனா படம் என்றார்கள். வசனம் புரியவில்லை என்று யாரும் எழுந்து போகவில்லை. கதை எல்லோருக்கும் தெரிந்த கதை. ஓர் ஊரில் இரண்டு பயிற்சிப் பள்ளிகள். ஒன்றில் நேர்மையான வாத்தியார், இன்னொன்றில் பேராசைக்காரர். எதிர்ப் பள்ளிக்காரன் வெளியூரிலிருந்து அடியாள் பிடித்து வந்து நல்ல வாத்தியாரைக் கொல்கிறான். தப்பிப் பிழைத்த ஒரு மாணவன் மறைந்திருந்து புதிய வித்தை கற்றுத் திரும்புகிறான். கடைசி இருபது நிமிடம் சண்டை. வில்லன் விழுந்த நொடியில் படம் முடியும். சுபம் போடக்கூட நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்தப் படங்களை மட்டமான பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய விமர்சகர்கள் பலர். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. காசு இல்லாத இடத்தில் அந்தப் படங்களுக்கு ஒரே முதலீடு பயிற்சி பெற்ற உடம்புதான். அதனாலேயே, வேறெங்கும் பதிவாகாமல் போயிருக்கக்கூடிய ஒரு கலையின் வாத்தியார்–சீடர் வரிசை அந்தப் படச்சுருள்களில் உயிரோடு நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நம்முடைய வாத்தியார்களின் நினைவு வருகிறது. நம்மிடமும் இரு பரம்பரைகள் மோதும் உண்மைக் கதை, அதுவும் வடசென்னையில், பல தலைமுறைகளாக இருந்தது. அது திரைக்கு வர 2015-உம் 2021-உம் ஆக வேண்டியிருந்தது.

ஒரு வாத்தியாரின் வாரிசுகள்

1949-இல் ஹாங்காங்கில் வோங் ஃபெய் ஹுங் என்பவரின் கதை கறுப்பு வெள்ளைப் படமாக வந்தது. வோங் ஃபெய் ஹுங் கற்பனை ஆள் இல்லை. தென்சீனத்தின் கான்டன் பகுதியில் வாழ்ந்து 1920-களில் மறைந்த வைத்தியர், குங்ஃபூ வாத்தியார். அவராக நடித்தவர் குவான் தக் ஹிங். ஒரு படம் என்று தொடங்கியது எழுபதுக்கும் மேற்பட்ட படங்களாக வளர்ந்தது. ஒரே நடிகர், ஒரே பாத்திரம், சில வாரங்களில் முடிந்துவிடும் படப்பிடிப்புகள். பெரும்பாலான படங்களில் வில்லன் ஷெக் கின். இருவரும் திரையில் எத்தனை முறை மோதினார்கள் என்று கணக்கு வைத்திருப்பது கடினம். 1973-இல் 'என்டர் தி டிராகன்' படத்தில் கண்ணாடி அறைக்குள் புரூஸ் லீயோடு மோதும் ஒற்றைக் கை வில்லன் நினைவிருக்கிறதா? அவர்தான் இந்த ஷெக் கின். அப்போது அவருக்கு வயது அறுபது.

அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில் லாவ் ஜாம் என்றொரு நடிகர் வருவார். வோங் ஃபெய் ஹுங்கின் நேரடிச் சீடர் லாம் சாய் விங். அந்த லாம் சாய் விங்கிடம் நிஜமாகவே வித்தை கற்றவர் லாவ் ஜாம். திரையிலும் தன் வாத்தியாராகவே நடித்தார். அவருடைய மகன் லாவ் கார் லியூங் அப்பாவிடம் கற்று, துணை நடிகராகி, சண்டைப் பயிற்சியாளராகி, கடைசியில் ஷா பிரதர்ஸ் நிறுவனத்தின் இயக்குநர் ஆனார். 1978-இல் அவர் எடுத்த படம் 'தர்ட்டி சிக்ஸ்த் சேம்பர் ஆஃப் ஷாலின்'. நாயகன் கார்டன் லியூ. அடிபட்டு ஓடிவந்த இளைஞன் ஷாலின் மடத்தில் சேர்ந்து, முப்பத்தைந்து அறைகளில் ஒவ்வொன்றாகக் கற்றுத் தேறும் கதை. படத்தின் பாதிக்கு மேல் பயிற்சிதான். தண்ணீர் சுமக்கிறான், மணிக்கட்டைத் திடமாக்குகிறான், தலையால் மூட்டையை முட்டுகிறான். பொழுதுபோக்குப் படம் என்ற பெயரில் ஒரு கல்விமுறையைப் படமாக்கிவிட்டார் லாவ் கார் லியூங். கடைசியில் நாயகன் கேட்கும் முப்பத்தாறாவது அறை, மடத்துக்கு வெளியே இருக்கும் சாதாரண மக்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்கான அறை.

ஐந்தே ஆண்டுகளில் அந்தப் படத்தின் தாக்கம் வடபழனிக்கு வந்து சேர்ந்தது. 1983 பொங்கலுக்கு ஏவி.எம். தயாரிப்பில், எஸ்.பி.முத்துராமன் இயக்கத்தில், ரஜினிகாந்த் நடித்து வெளியான 'பாயும் புலி'. அடிபட்ட சாமானியன் ஒருவன் சண்டைக் கலை கற்றுத் திரும்பும் கதை. ஷாலின் அறைகளின் நிழல் அதன் பயிற்சிக் காட்சிகளில் அப்படியே தெரியும். சண்டைப் பயிற்சி ஜூடோ கே.கே.ரத்னம்.

ரத்னத்தின் ஊர் குடியாத்தம். 1911 வரை சித்தூர்தான் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். குடியாத்தமும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. குடுபல்லி மலைமேல், குடியாத்தம் மலையடிவாரத்தில். இந்த மண்ணிலிருந்து போனவர் ஜூடோ கற்றார், 1959-இல் 'தாமரைக் குளம்' படத்தில் முகம் காட்டினார், 1966-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'வல்லவன் ஒருவன்' படத்தில் சண்டைப் பயிற்சியாளர் ஆனார். அப்புறம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். 'முரட்டுக் காளை'யின் ரயில் சண்டையை நம் தலைமுறையில் மறந்தவர் யார்? ஓடும் ரயிலின் கூரையில் காற்றடிக்கும் தலைமுடியோடு ரஜினி நிற்கும் அந்தக் காட்சியின் பின்னால் நின்றவர் ரத்னம். அவரிடம் ஃபைட்டராகவும் உதவியாளராகவும் இருந்தவர்களில் பலர் பிற்காலத்தில் மாஸ்டர்கள் ஆனார்கள். சூப்பர் சுப்பராயன், விக்ரம் தர்மா, ராம்போ ராஜ்குமார் எல்லாம் அந்த வரிசையில் வந்தவர்கள்தான்.

ஆக, கான்டனில் ஒரு வாத்தியார். அவருக்கு மூன்று தலைமுறை வாரிசு. அந்த வாரிசின் படத்தைப் பார்த்துத் தமிழில் ஒரு படம். அதற்குச் சண்டை அமைத்தவருக்கு அரை டஜனுக்கு மேல் சீடர்கள். ஆனால் சீன வரிசையில் ஒவ்வொருவரும் எப்படி நின்றார், எப்படிக் கை வீசினார் என்பதைப் படம் போட்டுப் பார்க்கலாம். நம் வரிசையில் மாஸ்டர்கள் ஹீரோவின் நகர்வுக்குப் பின்னால் மறைந்துவிட்டார்கள்.

உடம்பே மூலதனம்

1970-இல் வெளியான 'சைனீஸ் பாக்ஸர்' வரை ஹாங்காங் சண்டைப் படம் என்றால் பெரும்பாலும் வாள்தான். ஜிம்மி வாங் யூ என்ற நடிகர் அதை எழுதி, இயக்கி, நடித்து, வெறும் கையை நாயகன் ஆக்கினார். எதிரிப் பள்ளிக்குத் துணையாக ஜப்பானியக் கராத்தே வீரர்கள் வருவார்கள். சீனாவின் மீது ஜப்பான் நடத்திய போரின் ரணம் ஆறாத காலம். அந்த வில்லன்கள் அங்கிருந்து முளைத்தவர்கள். 1972-இல் 'கிங் பாக்ஸர்' வந்தது. இயக்கியவர் கொரியாக்காரரான சுங் சாங் வா; நாயகன் லோ லியே. எதிர்க் கோஷ்டி நாயகனின் இரண்டு கைகளையும் நசுக்கிவிடும். அவன் இரும்புக் கை வித்தையைப் பழகிப் போட்டிக்கு வருவான். அடிக்கும் முன் உள்ளங்கை சிவந்து ஒளிரும். 1973-இல் அமெரிக்காவில் 'ஃபைவ் ஃபிங்கர்ஸ் ஆஃப் டெத்' என்ற பெயரில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட இந்தப் படம்தான் அங்கே குங்ஃபூ மோகத்தைக் கிளப்பிவிட்டது.

இவை ஷா பிரதர்ஸ் போன்ற பெரிய ஸ்டுடியோவின் படங்கள். அவர்களுக்கு கிளியர்வாட்டர் பே என்ற இடத்தில் சொந்தமாகப் படநகரமே இருந்தது. சிங்கப்பூர், மலாயா எங்கும் திரையரங்குகள் இருந்தன.

என் மனம் அதிகம் ஒட்டுவது அடுத்த படியில் இருந்த படங்களோடு. சொந்த ஸ்டுடியோ இல்லாத சின்னத் தயாரிப்பாளர்கள், கடன் வாங்கிய உடைகள், புல்வெளியும் ஆற்றுமணலும், எங்கேயும் திரும்பத் திரும்ப வரும் அதே மர முற்றம். 1976-இல் இங் சீ யூன் எடுத்த 'சீக்ரெட் ரைவல்ஸ்' அந்த வகையின் உச்சம். செலவைக் கட்டுப்படுத்தத் தென்கொரியாவில் படம்பிடித்தார்கள். தென்பகுதி முஷ்டிச் சண்டைக்காரன் ஒருவன், வடபகுதிக் காலடிக்காரன் ஒருவன். முதலாமவன் டான் வோங், இரண்டாமவன் ஜான் லியூ. இருவருக்கும் தனித்தனிக் காரணம், இருவரும் தேடுவது வெள்ளி நரி என்ற ஒரே ஆளை. அவராக நடித்தவர் ஹ்வாங் ஜாங் லீ, தேக்வாண்டோ வல்லுநர்.

அந்தப் படத்தில் சண்டையை எடுத்திருக்கும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கேமரா தள்ளி நிற்கிறது. இருவரின் தலையும் பாதமும் சட்டத்துக்குள் தெரிகின்றன. வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் பத்துப் பன்னிரண்டு அடிகள் போய் வருகின்றன. ஜான் லியூ ஒற்றைக் காலில் நின்று, மறுகாலைத் தரையில் வைக்காமலேயே மூன்று நான்கு முறை உதைக்கிறார். அதில் ஏமாற்ற வழி இல்லை. டூப் போட்டால் முகம் தெரியும். நிலை தவறினால் அடுத்த அடி பிசகும். கேமராவை வினாடிக்கு இருபத்து நான்கு ஃபிரேமுக்குக் கொஞ்சம் குறைவாக ஓட்டி, திரையில் வேகத்தைக் கூட்டிக் காட்டுவது அப்போதைய வழக்கம்தான். இருந்தாலும் அந்தச் சமநிலையைக் கேமரா தர முடியாது, உடம்புதான் தர வேண்டும்.

ஒலி என்பது பின்னால் சேர்ப்பது. படப்பிடிப்பின்போது வசனத்தைப் பதிவு செய்வதில்லை. மாண்டரின், கான்டனீஸ், ஆங்கிலம் என்று எந்த மொழிக் குரலையும் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். இதனால்தான் அந்தப் படங்கள் தாய்மொழியிலும் வாயசைவு பொருந்தாமலேயே பிறந்தன. இதனால்தான் உலகம் முழுவதும் சுலபமாகச் சுற்றின. நம்மூரில் ஆங்கிலக் குரலோடு ஓடின, பிற்காலத்தில் தொலைக்காட்சியில் தமிழும் தெலுங்கும் பேசின.

'சீக்ரெட் ரைவல்ஸ்' லாபத்தில் வளர்ந்த இங் சீ யூனின் சீசனல் நிறுவனம் 1978-இல் ஜாக்கி சானுக்கு இரண்டு வெற்றிகளைக் கொடுத்தது: 'ஸ்னேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ', 'ட்ரங்கன் மாஸ்டர்'. இரண்டையும் இயக்கியவர் யுவென் வூ பிங். இரண்டிலும் வில்லன் அதே ஹ்வாங் ஜாங் லீ. ஜாக்கி சான், சாமோ ஹுங், யுவென் பியாவ் மூவரும் சிறுவயதில் யூ ஜிம் யூன் என்ற வாத்தியாரின் பீக்கிங் ஒபெரா பள்ளியில் தங்கிப் பயின்றவர்கள். அங்கே அடி உண்டு, பட்டினி உண்டு, விடியும் முன் கரணம் உண்டு. ஒபெரா மேடைக்குக் கூட்டம் குறைந்தபோது அந்தப் பிள்ளைகளுக்கு மிச்சமிருந்த வேலை சினிமாவில் விழுவதும் எழுவதும்தான். ஏழைப் பிள்ளைகளின் உடம்பு அப்படித்தான் ஒரு தொழிலின் அடித்தளம் ஆனது. எல்லைப்புறத்து ரசிகனுக்கு இது யாரும் எடுத்துச் சொல்லாமலே புரிந்திருக்கும். திரையில் தெரிந்தது அவனைப் போலவே வேலை செய்து இறுகிய உடம்பு.

இந்தியனாக வந்தவர்

அந்தப் படங்களை நேசிப்பவன் என்பதாலேயே ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். 1972-இல் ஜிம்மி வாங் யூ எடுத்த 'ஒன் ஆர்ம்டு பாக்ஸர்', அதன் தொடர்ச்சியாக 1976-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் தி ஃப்ளையிங் கில்லட்டின்' இரண்டிலும் இந்திய யோகி ஒருவர் வருகிறார். இரண்டாவது படத்தின் யோகிக்குக் கைகள் ரப்பராக நீளும். சீன நடிகருக்குக் கறுப்புச் சாயம் பூசி, தலைப்பாகை கட்டி எடுத்த வேடம் அது. 1991-இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் டூ' வீடியோ விளையாட்டின் தால்சிம் என்ற யோகியும் அதே வார்ப்பு. நாம் கைதட்டிய திரையில் நமக்கு ஒதுக்கப்பட்ட இடம் விநோதப் பிராணியின் இடம்.

அதற்கு எதிர்வினையாகவே இன்னொரு பெருமிதம் நம்மிடம் வளர்ந்தது. காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் போதிதர்மர்தான் ஷாலினுக்குச் சண்டைக் கலையைக் கொண்டுபோனார் என்ற நம்பிக்கை. 2011-இல் 'ஏழாம் அறிவு' அதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து சென்ற பௌத்தத் துறவி என்பதற்குச் சீன மரபிலேயே இடம் உண்டு. ஆனால் அவரையும் சண்டைக் கலையையும் இணைக்கும் கதை பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்ட ஒரு நூலிலிருந்து கிளம்பியது என்பதைச் சீன ஆய்வாளர் தாங் ஹாவ் 1930-களிலேயே எடுத்துக்காட்டிவிட்டார். நமக்குப் பெருமை வேண்டுமென்றால் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டியதில்லை. பேசின் பிரிட்ஜ் தாண்டினால் போதும்.

ரோசமான ஆட்டம்

துறைமுகம், பெரம்பூர் ரயில்வே பணிமனை, பின்னி ஆலை. இந்த மூன்றைச் சுற்றித்தான் வடசென்னையின் தொழிலாளர் வாழ்க்கை அமைந்தது. ஆங்கிலேயர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் ஆடிய குத்துச்சண்டையை ராயபுரமும் வியாசர்பாடியும் புளியந்தோப்பும் காசிமேடும் தமதாக்கிக்கொண்டன. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்பச் செட்டியார் பரம்பரை என்று கோஷ்டிகள் பிரிந்தன. ரத்த உறவில் வருகிற பரம்பரை இல்லை இது. எந்த வாத்தியாரிடம் கற்றாய் என்பதே உன் பரம்பரை. அவர் தோற்றால் உனக்கு இழுக்கு. நீ தோற்றால் அவர் தலைகுனிவார். ஒரு பரம்பரைக்காரன் அடிபட்டு விழுந்தால், அந்தப் பகுதியே அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும். ஆங்கிலோ இந்திய வீரர்களை எதிர்த்து நின்ற சார்பட்டாவின் கித்தேரி முத்துவின் பெயரை வடசென்னை இன்றும் பெருமையோடு சொல்லும்.

கான்டன் படங்களில் இரண்டு பள்ளிகளுக்கு நடுவே மூளும் பகை அப்படியே இங்கே இருக்கிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்று. அங்கே அது திரைக்கதை. இங்கே கண்ணப்பர் திடலில் டிக்கெட் கொடுத்து, மேடை கட்டி, கையுறை மாட்டி, ரவுண்டு ரவுண்டாக நடந்த உண்மை. தோல் உரிந்த முகம், மறுநாள் துறைமுகத்தில் மூட்டை. 1980-இல் முகம்மது அலியே சென்னை வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை ஆடினார். குத்துச்சண்டை மீது இந்த ஊருக்கு அவ்வளவு பித்து. அதே காலத்தில்தான் நம் கொட்டகைகளில் குங்ஃபூ படங்கள் சக்கைப்போடு போட்டன. வியாசர்பாடியின் கதையை அந்த மாதிரி மலிவாக, நேராக, அந்த வீரர்களையே நடிக்கவைத்து எடுக்க அன்று ஒரு தயாரிப்பாளர்கூட முன்வராதது எனக்கு இன்றும் வேதனை. லாவ் ஜாம் தன் வாத்தியாராகத் தானே நடித்த மாதிரி, அந்த வாத்தியார்களும் தங்கள் பிள்ளைகளோடு திரையில் நின்றிருக்கலாம்.

2015 டிசம்பரில் வெளியான 'பூலோகம்' முதலில் அந்தத் திசையில் கால் வைத்தது. கல்யாண கிருஷ்ணன் இயக்கம், எஸ்.பி.ஜனநாதன் வசனம், ஜெயம் ரவி நாயகன். இரு பரம்பரைகளின் பகையில் தொடங்கும் படம், பிறகு உலகச் சந்தை, விளம்பர வியாபாரம் என்று வேறு திசையில் போய்விட்டது. 2021 ஜூலை 22-இல் அமேசான் பிரைமில் பா.ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்தபோதுதான் அந்த உலகம் முழுசாக நம்மிடம் வந்தது. எழுத்தில் அவருடன் தமிழ்ப்பிரபா. கதை நடப்பது நெருக்கடிநிலைக் காலத்தில். ரங்கன் வாத்தியாராகப் பசுபதி, கபிலனாக ஆர்யா, எதிரணி வேம்புலியாக ஜான் கொக்கேன். தன் பரம்பரையின் மானத்தையே பணயம் வைக்கும் வாத்தியார், அவருடைய மனத்தில் இடம்பிடிக்கத் தவிக்கும் மாணவன், ஒளிந்திருக்கும் துரோகம். இதைக் குங்ஃபூ படம் பார்த்து வளர்ந்த யாரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

டான்சிங் ரோஸ் ஆட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியாது. எதிரணி வீரன் ரோஸாக வரும் ஷபீர் கல்லரக்கல் நாடக மேடையிலிருந்து வந்த நடிகர். கைகளைத் தொங்கவிட்டு, இடுப்பை வளைத்து, கால்களை நாட்டியமாக மாற்றி அவர் கபிலனைத் திணறடிக்கும் காட்சியில் நாம் பார்ப்பது முழு உடம்பு. ரசிகர்கள் நாயகனைவிட அவரை அதிகம் கொண்டாடியதற்குக் காரணம் அதுவே. ஜான் லியூவின் ஒற்றைக் காலைக் கண்டு வாய்பிளந்த அதே வியப்பு, நாற்பத்தைந்து ஆண்டு கழித்து, தமிழில் வந்தது. அந்தப் படத்தின் சண்டைப் பயிற்சி அன்பறிவ் சகோதரர்கள்.

எல்லை தாண்டிய வாத்தியார்கள்

குடுபல்லி சந்திரபாபு நாயுடுவின் குப்பம் தொகுதியில் இருக்கும் மண்டலம். அவரது அரசில் இப்போது துணை முதல்வராக இருக்கும் பவன் கல்யாணுக்குச் சென்னையில் தற்காப்புக் கலை கற்றுத்தந்தவர் ஷிஹான் ஹுசைனி. 1999-இல் பவன் கல்யாண் நடித்த 'தம்முடு' கிக்பாக்சிங் பகையைச் சுற்றிய கதை. அதே இயக்குநர் பி.ஏ.அருண் பிரசாத் 2001-இல் அதைத் தமிழில் விஜயை வைத்து 'பத்ரி' ஆக்கினார். அதில் விஜய்க்குப் பயிற்சி தருபவராக வந்தவர் சாட்சாத் ஹுசைனி. தெலுங்கு நாயகனின் நிஜ வாத்தியார், தமிழ் நாயகனின் திரை வாத்தியார். 2025 மார்ச்சில் அவர் மறைந்தார்.

2003-இல் பூரி ஜகந்நாத் எடுத்த 'அம்மா நான்னா ஓ தமிழ அம்மாயி' தலைப்பிலேயே இரு மொழியை வைத்திருந்த கிக்பாக்சிங் படம். மறு ஆண்டு 'எம்.குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி' என்று தமிழுக்கு வந்தது. வாத்தியாராகப் பிரகாஷ்ராஜ் இரண்டிலும். இரு பக்கமும் பார்த்து வளர்கிற எல்லை ஊர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரே குடும்பத்து விஷயம்.

ரயிலில் இன்னும் கொஞ்சம் போனால் பங்காருப்பேட்டை, அங்கிருந்து கிளைப்பாதையில் கோலார் தங்கவயல். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் சுரங்கத்தில் இறங்கிய ஊர். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. அந்தச் சுரங்கக் கழிவு மேடுகளில் எடுத்த 'கேஜிஎஃப்' முதல் பாகத்துக்குச் சண்டைக்காட்சிக்கான தேசிய விருது கிடைத்தது. விக்ரம் மோரோடு அதைப் பெற்றவர்கள் அன்பறிவ். இரண்டாம் பாகத்துக்கும் அவர்களே. அந்தத் தேசிய விருது என்றொன்று பிறந்ததே 2017-இல்தான். முதலில் பெற்றவர் 'புலிமுருகன்' படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன். ஆஸ்கர் இன்னும் தாமதம். 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்துதான் சண்டை வடிவமைப்புக்கு விருது தரப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். ஆயிரம் படம் செய்த ஜூடோ ரத்னம் தொண்ணூறு வயதைத் தாண்டி, 2023 ஜனவரி 26 அன்று குடியாத்தத்தில் காலமானார். அவர் உழைத்த காலமெல்லாம் அப்படி ஒரு தேசிய விருதே கிடையாது.

விருதைவிடப் பெரிய விஷயம் உயிர். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் அருகே கார் சாகசக் காட்சி எடுக்கும்போது ஓர் அனுபவமுள்ள சண்டைக் கலைஞர் இறந்தார். செய்தி இரண்டு நாள் ஓடியது. இந்தத் தொழிலில் கை கால் உடைந்து வீட்டோடு முடங்கியவர்கள் எத்தனையோ பேர். சட்டத்துக்குள் அவர்கள் முகம் தெரியாது என்பதுதான் அவர்கள் வேலையின் இலக்கணம்.

ஷா பிரதர்ஸின் படங்களைச் செலஸ்டியல் பிக்சர்ஸ் என்ற நிறுவனம் 2000-இல் வாங்கியது. எழுநூறுக்கும் மேற்பட்ட தலைப்புகள். கீறல் நீக்கி, நிறம் சரிசெய்து, டிஜிட்டலுக்கு மாற்றி வெளியிட்டார்கள். இன்று கார்டன் லியூ தண்ணீர் சுமக்கும் காட்சியை எடுத்த நாளில் பார்த்ததைவிடத் தெளிவாகப் பார்க்கலாம். தென்னிந்தியாவின் முதல் கதைப்படமும் ஒரு கைச்சண்டைக் கதைதான்: வேலூர்க்காரரான ஆர்.நடராஜ முதலியார் 1910-களின் இறுதியில் சென்னையில் எடுத்த 'கீசக வதம்', பீமனும் கீசகனும் மோதுவது. ஆனால் அதன் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. கண்ணப்பர் திடல் ஆட்டங்களும் பெரும்பாலும் வீட்டுச் சுவரில் மாட்டிய புகைப்படங்களாகவும், பேரன்களுக்குச் சொன்ன கதைகளாகவுமே தங்கியிருக்கின்றன.

அந்த மேடையில் ஏறிய கைகள் பலவும் எழுபது, எண்பது வயதில் இருக்கின்றன. எந்த வாத்தியாரிடம் கற்றார், காலை எப்படி வைக்கச் சொன்னார், எதிர்ப் பரம்பரைக்காரன் எந்தக் கையில் பலசாலி என்பதெல்லாம் அவர்களுக்கு இன்னும் உடம்பில் இருக்கிறது. அவர்களில் ஒருவரைத் தெருமுனையில் நிறுத்தி, தலை முதல் பாதம் வரை சட்டத்துக்குள் வருகிற மாதிரி தள்ளி நின்று, வெட்டாமல் ஐந்து நிமிடம் படம்பிடிக்க ஒரு கைப்பேசி போதும். ஹாங்காங்கின் ஏழைக் கேமராக்கள் 1949-இல் செய்த வேலையும் அதுதான்.